கோட்டையாக நின்ற கிராமத் தேவாலயம்: ஒரு கட்டடத்தைக் காரணத்தோடு படிப்போம்



பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர் பலர் எப்படித் தொடங்குவார்கள் என்று நமக்குத் தெரியும். ‘பழமை வாய்ந்தது’, ‘கம்பீரமானது’, ‘காண்போர் மனத்தைக் கவர்வது’. மூன்றும் அடைமொழிகள்தாம். இவற்றை எந்தக் கட்டடத்திற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். விளக்கம் என்பது ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு? சன்னல் ஏன் இவ்வளவு சிறிது? தேவாலயத்துக்குள்ளே கிணறு எதுக்கு?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தென் பிரான்ஸில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் உள்ள சேன்ட்-மரி-த-லா-மேர் என்ற ஊரின் தேவாலயம் அது. ஊர்ப் பெயரின் பொருள் ‘கடலோரப் புனித மரியாக்கள்’. பார்த்தால் பாதி கோயில், பாதி கோட்டை. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களைக் கண்டுபிடிப்பதே நம் பாடம்.

1. ஊரின் அமைப்பு

ரோன் ஆறு ஆர்ல் நகருக்கு அருகில் இரண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. அந்த இரு கிளைகளுக்கு நடுவே உள்ள கழிமுகச் சமவெளிக்குக் கமார்க் என்று பெயர். உப்பளம், சதுப்பு நிலம், நாணல், வெள்ளைக் குதிரைகள், கறுப்பு மாடுகள், செந்நாரைக் கூட்டம் என்று விரிந்து கிடக்கும் நிலம் அது. சின்ன ரோன் என்று அழைக்கப்படும் கிளை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நம் ஊர் இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நிலம் முழுக்கத் தட்டை. ஒளிந்துகொள்ள மலை இல்லை, ஏறிப் பார்க்கக் குன்றும் இல்லை. இரண்டாவது, சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் அதில் பெரும்பகுதி உப்பு. கட்டடத்துக்குள் போகும்போது இந்த இரண்டும் நமக்குத் தேவைப்படும்.

2. பயம் எங்கிருந்து வந்தது?

கடலும் ஆறும் சேரும் இடம் வணிகத்துக்கு நல்லது. கொள்ளைக்காரர்களுக்கும் அது நல்லது. 9ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்குப் பலர் வந்தார்கள். வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் 859-860 குளிர்காலத்தைக் கமார்க்கிலேயே தங்கிக் கழித்தார்கள். அக்கால ஐரோப்பியர் ‘சரசேனியர்’ என்று அழைத்த முஸ்லிம் கடலோடிகளும் மேற்கு மத்தியதரைக் கடல் வழியே வந்து தாக்கினார்கள்.

869இல் நடந்ததை அந்தக் காலத்து ஆண்டுக்குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆர்ல் பேராயர் ரோலான் கமார்க்கில் மண் அரண் அமைத்துத் தற்காத்துக்கொள்ள முயன்றபோது சரசேனியரிடம் பிடிபட்டார். அவரை விடுவிக்க 150 பவுண்டு வெள்ளி, 150 மேலாடைகள், 150 வாள்கள், 150 அடிமைகள் என்று பணயம் பேசப்பட்டது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே பேராயர் இறந்துவிட்டார். பிடித்தவர்கள் அதை வெளியில் சொல்லவில்லை. பணயப் பொருளைச் சீக்கிரம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, உடலுக்குப் பேராயர் உடை அணிவித்து, நாற்காலியில் உட்காரவைத்துக் கரையில் கொண்டுவந்து விட்டார்கள். வரவேற்க வந்தவர்கள் கிட்டே போன பிறகுதான் உண்மை தெரிந்தது.

இதை ‘இரு மதங்களின் போர்’ என்று ஒரே வரியில் சுருக்கிவிடாதீர்கள். வைக்கிங்குகளும் வந்தார்கள், பின்னாளில் கிறிஸ்தவக் கூலிப்படைகளும் இதே மாநிலத்தைச் சூறையாடின. கரையோர மக்களுக்கு முன்னால் இருந்த கேள்வி எளியது: கப்பல் தெரிந்தால் எங்கே ஓடுவது?

இன்னொரு எச்சரிக்கை. 869 நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, ‘அதனால்தான் இந்தத் தேவாலயத்தைக் கட்டினார்கள்’ என்று எழுதினால் இடையில் 300 ஆண்டுகள் காணாமல் போய்விடும். இந்த இடத்தில் அதற்கு முன்பே ஓர் ஆலயம் இருந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் முக்கியப் பகுதி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்போது இது ஆர்ல் அருகே இருந்த மோன்மழூர் மடத்துத் துறவியரின் பொறுப்பில் இருந்தது. அந்த நூற்றாண்டிலும் ஆபத்து தீரவில்லை. இதே கரையில், கிழக்கே உள்ள தூலோன் நகரம் 1178இலும் 1197இலும் கடல்வழித் தாக்குதலில் சூறையாடப்பட்டது. ஆகவே, பழைய நினைவும் அன்றைய பயமும் சேர்ந்து கட்டிய கட்டடம் இது என்று சொல்வதே பொருத்தம்.

3. ரோமனெஸ்க் பாணி: ஒரு சின்னச் சோதனை

ஐரோப்பாவில் ஏறத்தாழ 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை பரவியிருந்த கட்டடக்கலைப் பாணியை ரோமனெஸ்க் என்கிறோம். பழைய ரோமானியர் பயன்படுத்திய அரைவட்ட வில்வளைவை இது தொடர்ந்ததால் அந்தப் பெயர். தடித்த சுவர், சிறிய சன்னல், கல்லால் ஆன வளைகூரை ஆகியவை இதன் அடையாளங்கள். ‘இவை அடையாளங்கள்’ என்று மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடக் கூடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று காரணம்.

வகுப்பிலேயே செய்து பாருங்கள். ஒரு புத்தகத்தை விரித்து, கூரை மாதிரி மேசையில் கவிழ்த்து நிறுத்துங்கள். மேல் முனையை விரலால் அழுத்துங்கள். என்ன ஆகிறது? இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் விலகி ஓடுகிறது. கல் வளைகூரையும் அப்படித்தான். அதன் பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்காது. பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். இப்போது புத்தகத்தின் இருபுறமும் கனமான இரண்டு அகராதிகளை வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். நகராது. ரோமனெஸ்க் கட்டடத்தில் அந்த அகராதிகளின் வேலையைத் தடித்த சுவர் செய்கிறது.

பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரைக்குப் பீப்பாய் வளைகூரை என்று பெயர். இது சுவரின் நீளம் முழுவதும் தள்ளும். அப்படிப்பட்ட சுவரில் பெரிய சன்னல் திறந்தால் சுவரின் பலம் குறையும். அதனால் சன்னல் சிறிதாகவும் குறைவாகவும் இருக்கும். உள்ளே இருட்டு. பின்னர் வந்த கோதிக் பாணி, பாரத்தைச் சில தூண்களுக்கும் வெளித்தாங்கிகளுக்கும் பிரித்து அனுப்பக் கற்றுக்கொண்டது. சுவர் திறந்தது, வண்ணக் கண்ணாடி வந்தது.

இப்போ நம் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். தடித்த சுவரும் சிறிய சன்னலும் கூரையைத் தாங்கத் தேவைப்பட்டன. கோட்டைக்கு என்ன தேவை? அதே தடித்த சுவர், அதே சிறிய சன்னல். கல் கூரை எளிதில் தீப்பிடிக்காது என்பதும் கூடுதல் லாபம். ஆக, ரோமனெஸ்க் தேவாலயம் இயல்பாகவே பாதிக் கோட்டை. மீதிப் பாதியை மக்களின் பயம் கட்டியது. இந்தக் கரையில் மகலோன், ஆக்த் ஆகிய இடங்களிலும் இதே வகைக் கோட்டைத் தேவாலயங்கள் நிற்கின்றன. அவை ஆயர்களின் தலைமை ஆலயங்கள். நாம் பார்ப்பதோ ஒரு கடலோரக் கிராமத்தின் ஆலயம்.

4. கட்டடத்தைச் சுற்றி வருவோம்

*வெளிச்சுவர்.* தூரத்திலிருந்து பார்த்தால் தட்டை நிலத்தில் நங்கூரமிட்ட கப்பல் போலத் தெரியும். ஊர்க் கூரைகள் எல்லாம் தாழ்வாக இருக்க, இது மட்டும் எழுந்து நிற்கும். சுவரில் அலங்காரம் மிகக் குறைவு. சன்னல்கள் ஒடுங்கியவை, ஆள் நுழைய வழியில்லை.

*மேல்விளிம்பு.* சுவரின் உச்சியில் பல் பல்லாகத் தெரிவதைப் பாருங்கள். அதற்குத் தமிழில் அருமையான பழஞ்சொல் உண்டு: ஞாயில். மதில் பற்றிய சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வீரன் மறைந்துகொள்ள உயர்ந்த பகுதி, எட்டிப் பார்த்து அம்பு விடத் தாழ்ந்த பகுதி. அதோடு, சுவருக்கு வெளியே நீட்டிக் கட்டிய மேடையும் உண்டு. அதன் அடியில் இடைவெளி விட்டிருப்பார்கள். சுவரை ஒட்டி வந்துவிட்ட எதிரியின் மீது கல்லைப் போட அந்த வழி. இந்தப் பகுதிகள் 12ஆம் நூற்றாண்டுச் சுவருக்குப் பின்னாளில் சேர்க்கப்பட்டவை; பொதுவாக 14ஆம் நூற்றாண்டு என்பார்கள். அந்த நூற்றாண்டில்தான் கூலிப்படைகள் புரொவான்ஸ் மாநிலத்தில் புகுந்தன. மோன்மழூர் மடமே 1369இல் தனக்கென ஒரு காவல் கோபுரம் கட்டிக்கொண்டது. துறவிகளுக்கே அந்த நிலை என்றால் கிராமத்தார் நிலையை நினைத்துப் பாருங்கள்.

*கூரை.* கற்பலகை பாவிய சாய்வுக் கூரை. அதன் ஓரமாகக் காவலர் நடக்கும் பாதை ஓடுகிறது. இன்று பயணிகள் அங்கே ஏறிக் கடலையும் சதுப்பு நிலத்தையும் பார்க்கிறார்கள். முன்பு அதே இடத்தில் நின்றவர்கள் தேடியது கப்பல் பாய்களை. குன்று இல்லாத ஊரில் இந்தக் கூரைதான் குன்று.

*நடுக்கூடம்.* உள்ளே நுழைந்ததும் ஒரே நீண்ட கூடம். பக்கக் கூடங்கள் இல்லை. மேலே பீப்பாய் வளைகூரை. புரொவான்ஸ் பகுதியில் வழக்கமாக இருப்பது போல உச்சியில் இலேசான கூர்மை உண்டு. கிழக்குக் கோடியில் அரைவட்டமாக முடியும் திருமேடைப் பகுதி. வெளியே சுவரை மொட்டையாக விட்ட சிற்பிகள், இங்கே தூண்களின் தலைப்பகுதியில் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள்.

*கிணறு.* கூடத்தின் தரையில் ஒரு நன்னீர்க் கிணறு. தேவாலயத்தில் கிணறு வழிபாட்டுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு நிலத்தின் நடுவே, கதவை அடைத்துக்கொண்டு ஊரே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, எத்தனை நாள் தாங்கலாம் என்பதை முடிவு செய்வது சுவர் அல்ல, தண்ணீர். சுவரின் தடிப்பு எதிரியை வெளியே நிறுத்தும். கிணறுதான் உள்ளே இருப்பவர்களை உயிரோடு வைத்திருக்கும்.

*மேல் சிற்றாலயம்.* திருமேடைக்கு நேர் மேலே, கோபுரம் போல உயர்ந்த பகுதியில் புனித மிக்கேலின் சிற்றாலயம் இருக்கிறது. கிறிஸ்தவ மரபில் மிக்கேல் வாள் ஏந்திய வானதூதர், காவலர். காவல் கோபுரத்தில் அவருக்கு இடம் கொடுத்தது பொருத்தம்தானே? கோட்டையில் கடைசி நம்பிக்கை உள்கோபுரம். இங்கே அந்த உள்கோபுரமும் ஆலயமே. அதன் மேல் சீப்புப் போன்ற சுவரில் மணிகள் தொங்குகின்றன.

5. 1448: கட்டடத்துக்கு மூன்று அடுக்கு

இந்த ஊரில் வழங்கும் மரபுக் கதை இது. இயேசுவின் காலத்துக்குப் பிறகு, மரியா யாக்கோபி, மரியா சலோமி ஆகிய இருவரும் வேறு சிலரும் பாயும் துடுப்பும் இல்லாத படகில் அனுப்பப்பட்டு, இந்தக் கரையில் வந்து ஒதுங்கினார்கள். அவர்களோடு சாரா என்ற பெண்ணும் இருந்தாள். சிலர் அவளைப் பணிப்பெண் என்பார்கள். வேறு சிலர் கரையில் நின்று அவர்களை வரவேற்ற உள்ளூர்ப் பெண் என்பார்கள்.

1448இல் புரொவான்ஸ் மாநிலத்தை ஆண்ட ரெனே மன்னர், போப்பாண்டவரின் அனுமதியோடு தேவாலயத்துக்குள் தோண்டச் செய்தார். கிடைத்த எலும்புகள் அந்தப் புனிதப் பெண்களுடையவை என்று ஏற்கப்பட்டன. அவற்றைப் பேழையில் வைத்தார்கள். பேழையை எங்கே வைப்பது? கோட்டையின் மிகப் பத்திரமான இடத்தில், அதாவது மேல் சிற்றாலயத்தில். திருமேடைக்குக் கீழே நிலவறை அமைந்தது. பிற்காலத்தில் அது சாராவின் இடமாயிற்று.

மேலே புனித மரியாக்கள், நடுவில் மக்கள், கீழே சாரா. இந்த மூன்று அடுக்கு இன்றும் திருவிழாவில் உயிர் பெறுகிறது. ஆண்டுதோறும் மே 24ஆம் நாள், மேலே உள்ள திறப்பின் வழியாகப் பேழைகளைக் கயிறு கட்டி மெல்ல மெல்லக் கீழே இறக்குவார்கள். கூட்டம் கையை நீட்டித் தொடக் காத்திருக்கும். பாதுகாப்புக்காக உயரத்தில் வைத்த பொருள், வழிபாட்டுக்காகக் கீழே வருகிறது. பழைய பேழைகள் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எரிக்கப்பட்டன. இப்போதுள்ளவை அதற்குப் பின் செய்தவை.

6. மரபு, பதிவு, ஊகம்: மூன்றையும் கலக்காதீர்கள்

தமிழ் மாணவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. சாராவை வழிபட ஐரோப்பா முழுவதிலிருந்தும் ரோமா மக்கள் வருகிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் காட்டுகின்றன. அவர்கள் சாராவை ‘சாரா காளி’ என்று அழைக்கிறார்கள். நிலவறையில் உள்ள உருவம் கறுப்பு. அந்த உருவத்தைக் கடல் வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள்.

‘அட, இது நம்ம காளியம்மன்தானே!’ என்று உடனே தோன்றும். பலர் அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று தகவல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, ரோமா மொழியில் ‘காளி’ என்றால் ‘கறுப்புப் பெண்’ என்று பொருள். நம் தெய்வத்தின் பெயரோடு சொல்லளவில் உறவு உண்டு. சொல் உறவு வேறு, தெய்வ உறவு வேறு.

இரண்டு, இந்தக் கதையில் சாராவின் பெயர் எழுத்தில் தெரியவருவது 1521 அளவில், வென்சான் ஃபிலிப்போன் என்பவர் எழுதிய நூலில்தான்.

மூன்று, சாராவின் உருவம் கடலுக்கு ஊர்வலமாகப் போகும் வழக்கம் 1935இல் தொடங்கியது. கமார்க் பண்பாட்டுக்காக உழைத்த ஃபோல்கோ த பரோன்செல்லி என்ற பிரபு, திருச்சபையிடம் பேசி அதற்கு அனுமதி வாங்கினார். அதாவது, பழங்காலத்திலிருந்து வருவதாகத் தோன்றும் சடங்குக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

அதற்காக அந்த வழிபாடு பொய் என்று ஆகிவிடாது. பக்தி உண்மை, அதன் வரலாறு வேறு பாடம். கட்டுரையில் எப்படி எழுதலாம்? ‘ஒற்றுமை உள்ளது, ஆனால் ஒற்றுமை மட்டும் தொடர்ச்சிக்குச் சான்றாகாது’ என்று எழுதுங்கள். நமக்குப் பிடித்த முடிவாக இருந்தாலும் சான்றின் அளவுக்கு மேலே பேசாதவரே நல்ல கட்டுரையாளர்.

அந்த 1935ஐ இன்னொரு தேதியோடு சேர்த்தும் பார்க்க வேண்டும். 1942 முதல் 1944 வரை, இதே கமார்க் சமவெளியில் சாலியே என்ற இடத்தில், அன்றைய பிரெஞ்சு அரசு ரோமா குடும்பங்களை முகாமில் அடைத்து வைத்தது. சாராவின் ஊர்வலத்துக்கு வழி திறந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊராரைக் காக்கக் கட்டிய கோட்டை யாரையெல்லாம் தன் மக்களாக எண்ணியது என்ற கேள்வி அங்கே எழுகிறது. கட்டடக்கலை பற்றிய கட்டுரையிலும் அந்தக் கேள்விக்கு இடமுண்டு.

7. இன்றைய எதிரி

1838இல் ஊருக்கு இன்றைய பெயர் வந்தது. 1840இல் பிரான்ஸ் வெளியிட்ட முதல் வரலாற்றுச் சின்னப் பட்டியலிலேயே இந்தத் தேவாலயம் இடம்பெற்றது. 1888இல் ஓவியர் வான்கோ ஆர்ல் நகரிலிருந்து சில நாள் இங்கே வந்து தங்கி, கடற்கரைப் படகுகளையும் தேவாலயம் உயர்ந்து நிற்கும் ஊர்க்காட்சியையும் வரைந்தார்.

இப்போது கொள்ளையர் இல்லை. ஆனால் கடல் நெருங்கிவிட்டது. இடைக்காலத்தில் கரை இன்னும் தள்ளி இருந்தது. அரிப்பினால் அது பின்வாங்கிப் பின்வாங்கி, இன்று ஊர் கடலோரத்திலேயே நிற்கிறது. பாறைத் தடுப்புகள்தாம் காவல். கடல்மட்டம் உயர்ந்தால் தாழ்ந்த கழிமுக நிலம் முதலில் பாதிக்கப்படும். கூரையிலிருந்து கப்பலைப் பார்த்துவிடலாம்; ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறும் தண்ணீரை ஞாயில் தடுக்காது.

8. எழுதிப் பழகுவோம்

கீழே இரண்டு விதமான வாக்கியங்கள். வேறுபாட்டை மாணவர்களே சொல்லட்டும்.

அடைமொழி மட்டும்: இத்தேவாலயத்தின் சுவர்கள் மிகவும் பிரம்மாண்டமானவை, பார்ப்போரை வியப்பில் ஆழ்த்துபவை.

காரணத்தோடு: கல் வளைகூரையின் பக்கவாட்டு உந்துதலைத் தாங்குவதற்காகச் சுவர்கள் தடிப்பாகக் கட்டப்பட்டன, அதே தடிப்பு, கடல்வழித் தாக்குதலின்போது ஊர்மக்களுக்கு அரணாகவும் பயன்பட்டது.

இரண்டாவது வாக்கியத்தில் ‘தாங்குவதற்காக’, ‘அதே’, ‘ஆகவும்’ என்ற சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று கவனியுங்கள். விளக்கக் கட்டுரையின் முதுகெலும்பு இந்த இணைப்புச் சொற்கள்தாம்.

கலைச்சொற்கள்

- வில்வளைவு: கற்களை வில்போல் அடுக்கி இடைவெளியைக் கடக்கும் அமைப்பு.
- பீப்பாய் வளைகூரை: அரைப் பீப்பாய் வடிவில் நீளும் கல் கூரை.
- நடுக்கூடம்: மக்கள் கூடும் முதன்மைக் கூடம்.
- திருமேடை: வழிபாடு நடத்தப்படும் கிழக்குப் பகுதி.
- நிலவறை: தரைக்குக் கீழே அமைந்த அறை.
- ஞாயில்: மதிலின் உச்சியில் பல்போல் அமைந்த மறைவிடம்.

சிந்தனை வினாக்கள்

1. ரோமனெஸ்க் தேவாலயத்தைக் கோட்டையாக மாற்றுவது எளிது. ஏன்? இரண்டு காரணங்களை விளக்குக.
2. இக்கட்டடத்தில் சுவரைவிடக் கிணறே முக்கியம் என்ற கருத்தை ஏற்கிறீர்களா? நிலத்தின் இயல்போடு தொடர்புபடுத்தி விடை எழுதுக.
3. சாரா பற்றிய செய்திகளை மரபு, பதிவு, ஊகம் என மூன்றாகப் பிரித்துப் பட்டியலிடுக.
4. உங்கள் வட்டாரத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் மூன்று உறுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்தது என்று 120 சொற்களில் விளக்குக. ‘அழகிய’, ‘பிரம்மாண்டமான’ என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: நான்காம் வினாவை வகுப்பில் தொடங்குமுன் அந்தப் புத்தகச் சோதனையை ஒரு தடவை செய்து காட்டுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். சுவர் ஏன் தடிப்பு என்பதைக் கையால் உணர்ந்த மாணவருக்கு, அதை எழுத வாக்கியம் தானாக வரும்.